இடக்கைச் சோறு

பேனா கையிலிருந்து விழுந்தது. எடுக்கப்போனேன், வலக்கை வரவில்லை. சற்று நேரத்தில் வலக்காலும் துவண்டது. பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழத்தல்) என்றார் மருத்துவர். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது.

அந்தப் பேனாவால் நான் எழுதிக்கொண்டிருந்தது என் கலாநிதிப் பட்ட ஆய்வு: செயலிழந்த உடல் தேறுவதில் மனத்தின் பங்கு. ஊருக்கு வந்திருந்தபோது இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதால் இலண்டனுக்குத் திரும்பக் கப்பல் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்து மருத்துவமனை ஒன்றிலேயே நோயாளரைப் பார்த்துக் குறிப்பெடுத்துவந்தேன். அதே வார்டில் என்னையும் படுக்கவைத்தார்கள்.

மத்தியானம் என் அக்கா வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்தார். இடக்கையைச் சோற்றில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது மலங்கழித்தபின் கால் கழுவுகிற கை. அத்தனை ஆண்கள் பார்த்திருக்க, அக்கா ஊட்டுவதை வாங்கவும் கூச்சமாக இருந்தது. பசியில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்ல பசி.

மூன்றாம் நாள் தாதி மருத்துவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "சாப்பாட்டைத் தொடுறாரில்லை ஐயா. தேறவேணும் எண்ட எண்ணமே இல்லைப்போலை."

இதையே நான் முன்பு இன்னொருவரைப் பற்றி என் ஆய்வுக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். சுன்னாகத்தில் வெங்காயம் பயிரிடும் கமக்காரர் விசுவலிங்கம் இரண்டு மாதங்களுக்கு முன் அந்த வார்டில் கிடந்தார். அவருக்கும் வலக்கைதான். அவரும் சோற்றைத் தொடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. 'தேறும் விருப்பம் அற்றவர்' என்று எழுதி, பெரிய கண்டுபிடிப்பாக மருத்துவரிடம் காட்டினேன். அதை நம்பி, கையை உருவிவிடும் பயிற்சியை நிறுத்தி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் அக்கா ஊட்டினார், வாயைத் திறந்தேன். வெட்கம் போகவில்லை. அதைவிடப் பெரிய வெட்கம் வந்திருந்தது.

பொல்லூன்றி நடக்கத் தொடங்கியதும் மாட்டு வண்டியில் சுன்னாகம் போனேன். விசுவலிங்கத்தின் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிவிட்டிருந்தன. நான் எழுதியதை ஒளிக்காமல் சொன்னேன்.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன், தம்பி."

நேரமாகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். அவர் மனைவி வாழையிலையில் சோறு போட்டுவிட்டு உள்ளே போனார். என் வலக்கை மடியில் கிடந்தது. இடக்கை இலைக்கு வெளியே நின்றது. அவர் அதைக் கண்டார்.

"நீர் சாப்பிடும். நான் அங்காலை பாத்துக்கொண்டிருக்கிறன்."

முதுகைக் காட்டி, வெங்காயப் பாத்தியைப் பார்த்தபடி இருந்தார். முதன்முறையாக இடக்கையால் பிசைந்தேன். பாதி மடியில் சிந்தியது. ஒரு பிடி சோறு இலையிலிருந்து வாய்க்கு வர எவ்வளவு நேரமாகும் என்பதை என் ஆய்வில் எங்கும் நான் எழுதவில்லை.

நான் முடிக்கும்வரை அவர் திரும்பவில்லை. மருத்துவமனையில் அவர் சோற்றுக்கு முன்னால் இருந்த அத்தனை நாளும், நான் எதிரே நாற்காலி போட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.