சுவருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல்

யுத்தத்தில் மின்சாரம் போய் இரண்டாவது வருடம் அது. மானிப்பாயில், வாழ்க்கைப்பட்ட வீட்டில், அக்கா தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். மூன்று மெஷின், ஆறு பெண்கள். அறைக்குள் இருந்தால் ஊசிக்கண் தெரியாது. விளக்கேற்ற மண்ணெண்ணெய் கிடையாது. ஆகவே வகுப்பைப் பின்வளவுக்கு, தகரக் கூரை நீண்டிருந்த சுவரோரத்துக்குக் கொண்டுபோயிருந்தாள். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த இடம் பள்ளம். மாரி தொடங்கினால் கணுக்காலளவு வெள்ளம் நிற்கும். முந்தைய மாரியில் வகுப்பு ஆறு கிழமை நின்றது. பத்துப் பேரில் நாலு பேர் திரும்பி வரவில்லை. இந்த மாரியிலும் நின்றால் மெஷின்களை மூடிவைக்க வேண்டியதுதான் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும் வரை அவளோடு வந்து நின்றேன். பௌதிகத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை. பௌதிகத்துக்கு என்மீது நம்பிக்கை இருந்ததா என்பது அப்போது தெரியாது. முழங்கால் உயரத்தில் பலகைத் தளம் ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன். நிலத்தை உயர்த்திப் பூசலாம்தான். சீமெந்து ஒரு கிண்ணம் கூடக் கிடைக்காத காலம்.

என் திட்டம் எளிமையானது. ஒரு நீட்டு மரச்சட்டத்தைச் சுவரோடு கிடையாக வைத்து போல்ட்டால் இறுக்குவது. குறுக்குச் சட்டங்களின் ஒரு முனை அதில் இருக்கும், மறுமுனை பனங்கட்டைத் தூண்களில். பாதிப் பாரத்தைச் சுவர் தாங்கும், தளம் ஆடாமலும் பிடித்துக்கொள்ளும். மெஷின்களைக் கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசில் நிறுத்தேன். பெண்களிடம் நிறை கேட்டேன். ஆறு பேரும் நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே என்றார்கள். ஆளுக்குப் பத்துக் கிலோ கூட்டி எழுதிக்கொண்டேன்.

பக்கத்து வளவில் ஓடாவியார் இருந்தார். கதவு, கட்டில் என்று ஊருக்கு மரவேலை செய்பவர். ரயில் நின்றபின் தண்டவாளத்திலிருந்து எப்படியோ அவர் பட்டறைக்கு வந்து சேர்ந்த நாலு பெரிய போல்ட்டுகளைத் தந்தார். தந்துவிட்டு, "தங்கச்சி, கப்பலோ கட்டிறியள்?" என்று கேட்டார்.

அக்காவின் மாமியாரை நானும் மாமி என்றே கூப்பிடுவேன். சுத்தியலோடு நிற்கும் பொம்பிளைப் பிள்ளையை ஆர் கட்டுவான் என்று கவலைப்பட்டாலும், தளம் வேண்டும் என்பதில் மாமி என் பக்கம். தடையாக நின்றது அக்காதான்.

முதல் நாள் சுவரில் கரியால் அடையாளம் போட்டேன். இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, வேண்டாம் என்றாள். புதனன்று மாமிக்குத் தலையிடி என்றாள். மாமி அந்த நேரம் வேலியடியில் நின்று சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை, நாலு போல்ட்டு காணுமா என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இரவல் வாங்கி ஆறாக்கினேன். வரைபுத்தாளில் புதிதாகப் படம் கீறிக் காட்டினேன். பார்த்துவிட்டு, வடிவாக் கீறியிருக்கிறாய் என்று தாளை மடித்து வைத்தாள். அவளுக்கு என் கணக்கில் நம்பிக்கை இல்லை என்று முடிவுகட்டினேன். நம்பாதவருக்குச் செய்து காட்டுவதுதான் ஒரே வழி.

திங்கட்கிழமை காலை அக்கா அடுப்படியில் இருந்தாள். நான் உளியை முதல் அடையாளத்தில் வைத்தேன். பழைய கல்வீடு, சுண்ணாம்புச் சாந்துச் சுவர். ஒரு முழம் தடிப்பு. சுத்தியலை ஓங்கினேன். எங்கிருந்து அப்படி ஓடிவந்தாள் என்று தெரியாது, அகப்பைக் கையோடு வந்து மற்றக் கையை உளிக்கும் சுவருக்கும் இடையில் வைத்தாள்.

"அடியாதை."

நான் கோபத்தில் ஆறு போல்ட்டின் கணக்கையும் ஒப்பிக்கத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. முகம் வெளிறி இருந்தது. மாமி வாசற்படியில் வந்து நின்றார். அக்காவைப் பார்த்தார், உளியைப் பார்த்தார், திரும்பவும் அக்காவைப் பார்த்தார்.

"எத்தினை மாசம், பிள்ளை?"

"ரண்டு முடியுது," என்றாள் அக்கா. பிறகு மெதுவாக, "போன முறை எல்லாருக்கும் சொன்னாப் பிறகுதானே மாமி... இந்த முறை மூண்டு கழியட்டும் எண்டு இருந்தனான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செவ்வாயும் தலையிடியும் நாலு போல்ட்டும் ஒன்றுக்கே சொன்ன சாட்டுகள் என்பதுதான் தெரியவில்லை. சுத்தியலை நிலத்தில் வைத்தேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வரைபுத்தாளை எடுத்துப் பார்த்தார்.

"எல்லாற்றை நிறையையும் எழுதினனி. ஒரு ஆளை விட்டிட்டியே," என்றார்.

அக்கா சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும், அப்ப வகுப்பு இத்தோடை சரி என்றாள். வடக்கே வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

அது எனக்குப் பொறுக்கவில்லை. சுவரைத் தொடாமல் செய்கிறேன் என்றேன். சுவர்ப் பக்கமும் தூண் நடலாம். நிலத்தைக் கொத்தவும் கூடாது என்றார் மாமி. சரி, தட்டைக் கற்கள் மேல் தூண்களை நிறுத்தலாம். வளவுக்குள் சுத்தியல் சத்தமே கேட்கக்கூடாது என்றார் மாமி. மாமியின் சட்டங்களுக்குப் பக்கத்தில் நியூட்டனின் விதிகள் சின்னப்பிள்ளை விளையாட்டு. சுவரும் இல்லாமல் குழியும் இல்லாமல் நிற்கும் தளம் ஆடுமே என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். கடைசியில் தூணுக்குத் தூண் பெருக்கல் குறிபோலச் சட்டங்களைக் கீறினேன். ஓடாவியார் தாளை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் நிக்கும் போலக் கிடக்கு என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பொறியியல் சான்றிதழ்.

தளம் முழுக்க அவர் பட்டறையில் உருவானது. பூட்டிப்போன ஒரு கடையின் கதவுப் பலகைகள்தான் மேல்தட்டு. ஒவ்வொன்றிலும் கடைக்காரர் பூசிய இலக்கம் இருந்தது. நாங்கள் அடித்த சத்தம் பக்கத்து வளவுச் சத்தம். அதற்கு மாமியிடம் சட்டம் இல்லை. பிறகு வேலியில் இரண்டு அடைப்பு ஓலைக் கிடுகை அவிழ்த்து, ஆறு பெண்களும் ஓடாவியாரும் நானும் தளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அவர்கள் மறைத்து, நான் கூட்டி எழுதிய பத்துக் கிலோவின் பலம் அன்று தூக்க உதவியது. அக்காவை மாமி கதிரையை விட்டு எழும்ப விடவில்லை. கற்கள் மேல் வைத்தோம். நான் ஏறிக் குதித்தேன். அசையவில்லை.

"மெல்ல இறங்கு, காணும்," என்றாள் அக்கா. கணக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் மாரி பிடித்தது. வளவு குளமானது. பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தார்கள், ஆறு பேரும். தளத்தில் ஏறிக் காலைத் துடைத்துவிட்டு மெஷினில் இருந்தார்கள்.

ஒரு குறைதான். சுவரில் முட்டக்கூடாது என்று இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தேன். மெஷின் ஓடும் அதிர்வில் நூற்கட்டையும் கத்தரிக்கோலும் நகர்ந்து நகர்ந்து நேரே அந்த இடைவெளிக்குள் விழும். ஒரு சின்ன மரத்துண்டைச் சுவரில் அடித்து அதை மூடலாம் என்றார் ஓடாவியார். பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியட்டும் என்றார் மாமி. ஆக, அந்த மாரி முழுக்க, மேலே யாராவது "விழுந்திட்டுது" என்று கூப்பிட்டால், தளத்தை வடிவமைத்தவர் பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு, கணுக்கால் வெள்ளத்துக்குள் குனிந்து, சேற்றில் நூற்கட்டை தேடினார். தலைக்கு மேலே மெஷின்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.