மூன்று பேருக்குப் பதிந்த வீடு

தியாகராசா ஐரோப்பாவைச் சுற்றியவர். பாரிசுக்கு மட்டும் பதினொரு தடவை போயிருக்கிறார். ஈபிள் கோபுரத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கலியாண மண்டபம், பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீட்டு மண்டபம், மச்சானின் சமையலறை. ஜெர்மனியில் வுப்பர்டால் நகரத்தில் குறடு செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு இருபத்தேழு வருட வேலை. கோடையில் மூன்று வாரம் தொழிற்சாலையை மூடுவார்கள். அந்த மூன்று வாரத்தில் எந்த நாட்டில் எந்த வீட்டுக் கொண்டாட்டம் என்பதை மனைவி சிவமலர் தை மாதமே முடிவுசெய்துவிடுவார். நம் ஆட்களுக்கு விடுமுறை என்றால் அதுதான். தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊருக்கு எதற்குப் போகவேண்டும்?

இந்த வருடம் அந்த வழியும் அடைபட்டது. பெப்ரவரியில் சிவமலர் ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்து இறந்துபோனார். ஆண்டுத் திவசம் முடியும்வரை வீட்டார் எந்தக் கொண்டாட்டத்துக்கும் போகக்கூடாது. முதல் தடவையாகத் தியாகராசாவின் விடுமுறை வெறுமையாகக் கிடந்தது.

அவர் அழவில்லை. செத்தவீட்டிலும் அழவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் அழவில்லை. விடிய எழும்பி வேலைக்குப் போனார், வந்தார், மகள் போட்ட சோற்றைத் தின்றார். உப்பில்லாவிட்டாலும் தின்றார். அதைத் துக்கம் என்று சொல்லவும் முடியாது. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுவதும் மரத்துக் கிடந்தது. வழியில் யாராவது சுகம் விசாரித்தால் "இருக்கிறம்" என்பார். சிவமலர் இல்லை என்ற பேச்சு மட்டும் ஐந்து மாதமாக அவர் வாயிலிருந்து வரவில்லை. மகள் ஆதிரைக்குப் பயம் அதுதான். செப்டெம்பரில் அவளுக்கு ஹம்பேர்க்கில் வேலை தொடங்குகிறது. அம்மா இல்லை என்று ஒருமுறையாவது சொல்லாத மனிதரைத் தனியே விட்டுப்போக அவளுக்குத் துணிவில்லை.

கடலைப் பார்த்தால் மனம் இளகும் என்று யாரோ அவளுக்குச் சொன்னார்களாம். குரோஷியாவின் கரையில் ஒரு சின்னக் கிராமத்தில் வீடு பிடித்து, பதினான்கு மணி நேரம் அவளே கார் ஓட்டினாள். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, கட்டிவைத்த ஏழெட்டுப் படகு, ஊர் அவ்வளவுதான். கடலில் அலை இல்லை, கரையில் மணலும் இல்லை. தியாகராசா சப்பாத்தைக் கழற்றாமல் ஒரு கல்லில் இருந்து பார்த்தார். நல்ல நீலம். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்காரி யாத்ராங்காவுக்கு எழுபது வயதிருக்கும். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருபது வருடம் வேலைசெய்துவிட்டு ஊர் திரும்பியவர், டொச்சு மொழி சரளமாகப் பேசினார். விருந்தாளிகளைப் பதியவேண்டும், கடவுச்சீட்டுகளைத் தாருங்கள் என்றார். தியாகராசா பைக்குள் இருந்த கடவுச்சீட்டுக் கட்டை அப்படியே எடுத்துக் கொடுத்தார். அகதியாக வந்த ஆட்களின் பழக்கம் அது. எங்கே போனாலும் முழுக் குடும்பத்தின் பத்திரங்களும் ஒரே பைக்குள், ரப்பர் போட்டுக் கூடவே வரும். சிவமலரின் கடவுச்சீட்டை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டதாக மகளிடம் சொல்லியிருந்தார். ஒப்படைக்கவில்லை.

கொடுத்தது தெரியாமல்தான். "மூன்று பேரா? மனைவி எங்கே?" என்று யாத்ராங்கா கேட்டபோது "பிறகு வருவார்" என்றது தெரியாமல் அல்ல.

அன்று பின்னேரம் குளியலறையில் மூன்று துவாய்கள் தொங்கின. அடுத்தநாள் மேசையில் மூன்று கோப்பைகள் இருந்தன. வீட்டுக்காரிக்குத் தாராள மனது என்று ஆதிரை நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் யாத்ராங்கா மூன்று தட்டில் சுட்ட மீன் கொண்டுவந்தார்.

"உன் அம்மாவின் பஸ் எத்தனை மணிக்கு? மீன் ஆறிவிடுமே" என்றார்.

ஆதிரை தட்டுகளை வாங்கி மேசையில் வைத்தாள். வீட்டுக்காரி படியிறங்கிப் போனதும் தகப்பனிடம் திரும்பினாள்.

"அப்பா, அவவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"பாஸ்போட் மூண்டும் ஒண்டாக் கிடந்தது."

"நான் அதைக் கேக்கேல்லை."

அவர் மீனில் முள் எடுக்கத் தொடங்கினார்.

"கீழ போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ."

"நீ சொல்லன், பிள்ளை. உனக்கு டொச்சு நல்லா வரும்."

இருபத்தேழு வருடம் மேற்பார்வையாளரோடு டொச்சில் மல்லுக்கு நின்ற மனிதர் சொல்கிற சாட்டு இது.

"ஏலாது," என்றாள் ஆதிரை. "நான் சொன்னது காணும். லண்டன் மாமாவுக்கு நான்தான் சொன்னனான். கனடா பெரியம்மாவுக்கு நான்தான். அம்மா வேலைசெய்த இடம், பாங்க், அவவின்ர பல்லு டொக்டர். அங்க இருந்த அப்பொயின்ட்மென்டை நிப்பாட்டக்கூட நான்தான் போன் எடுத்தனான். நாப்பது பேர், அப்பா. ஒவ்வொருத்தருக்கும் முதல்லயிருந்து சொன்னனான். அவையள் அழுது முடியுமட்டும் போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நீங்கள் பக்கத்துக் கதிரையில இருந்தனீங்கள். ஒராளுக்கு நீங்கள் சொல்லுங்கோ."

அவள் குரல் உயரவேயில்லை. களைத்துப்போன குரல். அது இத்தனை நாளும் தன் காதில் விழாமல் போனது எப்படி என்று தியாகராசாவுக்கு விளங்கவில்லை.

கை கழுவிவிட்டுப் படியிறங்கினார். யாத்ராங்கா வாசலில் இருந்து மடியில் பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். வேலையில் இயந்திரம் நின்றுவிட்டால் அறிவிக்கிற "இனி ஓடாது" என்ற வாசகம்தான் முதலில் தியாகராசாவின் நாக்குக்கு வந்தது. அதை விழுங்கினார்.

"என் மனைவி வரமாட்டார். பெப்ரவரி பதினேழாம் தேதி காலையில் இறந்துவிட்டார். சிவமலர் என்று பெயர்."

"எத்தனை வயது?"

"ஐம்பத்தாறு."

யாத்ராங்கா சிலுவை போட்டுக்கொண்டு அழத் தொடங்கினார். சிவமலரை ஒருநாளும் காணாத பெண் சிவமலருக்காக அழுதார். விட்டுவிட்டுப் போகவும் முடியாது, சேர்ந்து அழவும் வரவில்லை. அவர் அழுது முடியும்வரை தியாகராசா கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். ஐந்து நிமிடம்தான் இருக்கும்.

மேலே வந்தபோது ஆதிரை மேசையிலேயே இருந்தாள். அவர் இருக்கவில்லை. அவளுக்குப் பின்னால் போய் நின்றார்.

"ஒராளுக்குச் சொல்லவே எனக்கு ஏலாமப் போச்சு," என்றார். "நான் பக்கத்தில இருந்துகொண்டு உன்னை நாப்பது தரம் சொல்ல விட்டிட்டன், பிள்ளை."

சொல்லி முடிக்குமுன் அழுகை வெடித்து வந்தது. சிவமலர் போன பிறகு முதல் தடவை. ஆதிரை எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டு, அழுது முடியும்வரை நின்றாள். அவளுக்கு அவர் நாற்பத்தோராவது ஆள்.