ஏழாம் வருஷத்து வேலி

யுத்தத்தில் பர்மா அரிசி வருவது நின்றபோது, திருவனந்தபுரத்தில் பாதி வீடுகள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை வைத்துத்தான் வயிற்றைக் கழுவின. அந்த வருஷம்தான் என் அண்ணன் எங்கள் தோட்டத்துக்கு ஓய்வு கொடுத்தார்.

அண்ணனுக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை. கிறிஸ்தவ சபையில் மூப்பர். நான் கல்யாணம் ஆகாதவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பேரூர்க்கடையில் அவர் வீட்டில் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் அப்பா எங்கள் இருவருக்குமாக விட்டுப்போன தோட்டம். ஓரமாகப் பலா மரங்கள், நடுவில் மரச்சீனி. விடாமல் போட்டுப் போட்டு மண் வெளுத்துவிட்டது; கிழங்கு விரல் பருமன்கூட வைக்கவில்லை.

"பூமி கர்த்தருக்கு உள்ளது. நாம இதுல குடியிருக்கோம், அவ்வளவுதான். ஆறு வருஷம் விதைச்சா ஏழாம் வருஷம் சும்மா விடணும்னு வேதத்துல இருக்கு," என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதில் எனக்கு மறுப்பில்லை. சருகைக்கூட எரிக்க விடமாட்டார். தானே அள்ளி மரமூட்டில் போடுவார். ஆனால் மறுவாரமே ஆள் வைத்துச் சுற்றிலும் முள்வேலி கட்டினார்.

பலா காய்த்துக் குலுங்கியது. யாரும் பறிக்கவில்லை. பழுத்து விழுந்து, வெடித்து, ஈ மொய்த்தது. பழைய தண்டுகளிலிருந்து மரச்சீனி தானாகவே முளைத்துக் கிடந்தது. அழுகிய பழத்தின் வாடை ரோடு வரைக்கும் போகும். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து நின்று பலாப்பழம் கேட்பார்கள்.

"டீச்சரே, ஒரு சக்க கிட்டுமோ? பிள்ளேர்க்குக் கொடுக்கானா."

அப்படி ஒருத்தி கேட்ட அன்று அண்ணனிடம் கேட்டேன். "அந்த அதிகாரத்தை முழுசும் வாசிச்சீங்களா? ஓய்வு வருஷத்துல தானா விளையது ஏழைகளுக்காக்கும். அவங்க தின்னது போக மிச்சம் மிருகங்களுக்கு."

"உள்ள விட்டா மிதிச்சு நாசமாக்குவாளுவ. மண்ணு இறுகிப் போவும். பெறவு ஓய்வு என்ன ஓய்வு?"

"பிள்ளைங்க பட்டினி கிடக்கு."

"அவங்க நம்ம சபைக்காரங்களா?"

"பரதேசிக்கும்னு சேர்த்துத்தான் எழுதியிருக்கு."

"நீ எனக்கு வேதம் படிப்பிக்காண்டாம்," என்றார்.

பக்கத்தில் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி, என் மைனி, தலையை நிமிர்த்தவில்லை. அதன்பின் எனக்கு அண்ணன் ஜெபிக்கிற குரலே பிடிக்காமல் போயிற்று.

ஒரு சனிக்கிழமை அவர் கடையில் இருந்த நேரம், வேலி வாசலில் கட்டியிருந்த படலை அவிழ்த்துத் திறந்து வைத்தேன். பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். சிலர் பலாக்காய் பறித்தார்கள், சிலர் கையாலேயே கிழங்கைத் தோண்டினார்கள். யாரும் எதையும் மிதித்து நாசமாக்கவில்லை.

அண்ணன் அன்று சீக்கிரமே வந்துவிட்டார். முதலில் கண்ணில் பட்டவளைப் பார்த்து, "கீழே வையி" என்றார். அவள் தலையிலிருந்த பலாக்காயை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மற்றவர்களும் மடியிலிருந்ததை உதறிவிட்டுப் போனார்கள்.

நான் அந்தக் காயைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் ரோட்டில் அவளிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது படல் கட்டியிருந்தது. அவர் உள்ளே நின்றார்.

"அந்தப் பக்கமே நின்னுக்க. வீட்டுக்கும் வராண்டாம்," என்றார்.

"எனக்கும் இதுல பங்கு உண்டு."

"பங்கு கர்த்தருக்கு. உனக்கு ஒண்ணும் கிடையாது."

சாயங்காலம் மைனி என் பெட்டியை வேலிக்கு மேலாக நீட்டினார். அவர் கையெல்லாம் முள் கீறியிருந்தது. நான் தம்பானூர் பக்கம் இன்னொரு டீச்சரின் அறையில் போய்ச் சேர்ந்தேன்.

போதகர் சமாதானம் பேச வந்தார். "படலைத் திறந்து விடச் சொல்லுங்க, வாறேன்," என்றேன். அவர் அண்ணனிடம் அதைச் சொன்னாரா என்று தெரியாது. படல் திறக்கவில்லை.

ஓய்வு முடிந்த பிறகு தோட்டம் நன்றாகவே விளைந்தது. அறுப்பின் பண்டிகையில் அண்ணன் தொடைப் பருமனுள்ள கிழங்குகளைப் பீடத்தின் முன் அடுக்கி வைத்தார். பூமியைப் பேணுவதற்கு நம் மூப்பர் ஒரு முன்மாதிரி என்று போதகர் சொன்னார். சபை முழுதும் திரும்பி அண்ணனைப் பார்த்தது. நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, பிரசங்கத்தின் நடுவிலேயே வெளியே நடந்தேன். அந்தச் சபைக் கோவிலுக்கும் அந்த வீட்டுக்கும் அப்புறம் நான் போகவேயில்லை.