பனிக்குகை வாசலில் ராமசெல்வி

ராமசெல்வி என் தம்பி கோதண்டத்தின் மனைவி. தன் மகள் கீர்த்தியை அவள் காலடிப்பேட்டையில் இருக்கும் அண்ணன் பாஸ்கரின் மகன் அறிவுக்கே கட்டிக்கொடுத்தாள். ஆக, அறிவுக்கு அவள் அத்தையும் மாமியாரும்.

அவள் ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோறு தின்னும்போதும் ஒரு முழங்காலைத் தூக்கி வைத்திருப்பாள், எழுந்து ஓடத் தோதாக.

காசிமேட்டில் கோதண்டத்தின் விசைப்படகுக்கு ஐஸ் வாங்கி உடைத்து அனுப்புவது அவள்தான். அந்த ஐஸ் போய் விழும் அறை படகின் வயிற்றில் இருக்கிறது. அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்களில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை.

"அங்க இன்னாமே சினிமாவா ஓடுது? ஐஸும் மீனுந்தான் கீது" என்பான் கோதண்டம்.

"நான் வாங்கின ஐஸு எப்பிடி ஒக்காந்துகீதுன்னு நான் பாக்கக் கூடாதா?"

"நீ ஏறினா மீன் பாடு இருக்காது. போமே."

அறிவு ஐஸ்லாந்தில் மீன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். போன குளிர்காலத்தில் கீர்த்தியின் பிரசவத்துக்கு ராமசெல்வி அங்கே போனாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிவிடும் ஊரில், பூட்டிய வீட்டுக்குள் அவளால் இருக்க முடியவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். பிள்ளை தூங்கினால் அதையும் எழுப்பிவிட்டாள்.

"யம்மாவ எங்கனா இட்டுகினு போயா, பேஜாரா கீது" என்றாள் கீர்த்தி புருஷனிடம்.

"அத்தே, ஐஸ் மலைக்குள்ள குகை கீது. குளிர் நாள்லதான் உள்ள வுடுவாங்க. வழி காட்ட ஆள் வரும். வர்றியா?"

"மலைக்குள்ள ஐஸா?"

"மலையே ஐஸு, அத்தே."

அதற்குப் பிறகு அவளுக்கு ஏது தூக்கம்? கிளம்ப வேண்டிய நாளில் காற்று பலமென்று பயணத்தைத் தள்ளிவைத்தார்கள். அன்று முழுக்கக் கோட்டைக் கழற்றாமலே வீட்டைச் சுற்றினாள்.

மறுநாள் போனார்கள். வழிகாட்டி ஹில்தூர் என்ற பெண். எல்லோருக்கும் விளக்கு வைத்த தொப்பி கொடுத்தாள். பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் பட்டைகளைக் கட்டிவிட்டாள். இதைக் கழற்றுகிறவர் குகைக்குள் வரக்கூடாது என்றாள். அறிவு தமிழில் சொன்னான். ராமசெல்வி தலையாட்டினாள்.

குகை வாசல் நீலமாய்ச் சரிந்து இறங்கியது. உள்ளேயிருந்து குளிர் மூச்சு முகத்தில் அடித்தது. ராமசெல்வி பொத்தென்று உட்கார்ந்தாள், முள் பட்டையையும் பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தாள், வெறும் சாக்ஸோடு ஒரு காலை உள்ளே வைத்தாள். வழுக்கியது. அறிவு தோளைப் பிடித்திராவிட்டால் இடுப்பு போயிருக்கும்.

"இன்னா அத்தே பண்ற!"

"படகுல செருப்போடவாடா ஏறுவாங்க?"

"இது படகா?"

"அந்த மாரிதாண்டா கீது!"

எங்கள் ஆண்கள் செருப்பைக் கரையில் விட்டுத்தான் படகேறுவார்கள். காலமெல்லாம் கரையில் நின்று அதைப் பார்த்தவளுக்கு, யோசிக்கும் முன்பே கை செருப்புக்குப் போய்விட்டது.

ஹில்தூர் ஓடி வந்தாள். இந்தம்மா வண்டியிலேயே இருக்கட்டும், ஒருவர் விழுந்தால் எல்லோருக்கும் ஆபத்து என்றாள். அறிவு அதைத் தரையைப் பார்த்துச் சொன்னான்.

ராமசெல்வி அறிவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அவகிட்ட சொல்லு நைனா. எங்கூட்டுப் படகுலயும் என்னைய வெளியதான் நிறுத்தி வெச்சாங்க. இங்கயும் நிக்கணுமா?"

அறிவு திக்கித் திணறிச் சொன்னான், செருப்பு வழக்கத்தையும் சேர்த்து. ஹில்தூர் ராமசெல்வியின் கால்களைப் பார்த்தாள். பிறகு மண்டியிட்டு, தானே பூட்ஸை மாட்டி, பட்டையை இறுக்கினாள். வாசலில் நாலு முறை மிதித்து நடக்க வைத்துப் பார்த்தாள். என் பின்னாலேயே வா என்று கையைக் காட்டினாள்.

ராமசெல்வி குனிந்து ஐஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இரும்போட மிதிக்கிறேன், கோச்சிக்காத" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மற்றவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். அவள் நிற்கவில்லை. நீலச் சுவரைத் தடவிக்கொண்டே, "அப்பால இன்னா கீது? அப்பால?" என்று நச்சரித்தாள். கடைசியில் ஹில்தூர் கையைக் குறுக்கே நீட்டித்தான் நிறுத்தினாள்.

ஊர் திரும்பிய வாரமே காசிமேட்டில் படகருகே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"இன்னாமே, எங்க ஏறுற?"

"ஐஸு ரூமுக்கு. மலைக்குள்ளயே எறங்கிட்டு வன்ட்டேன். வழிய வுடுயா."

கோதண்டம் என்னைப் பார்த்தான். அவன் நகர்ந்தான். அவள் இறங்கினாள். போன வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறிவந்தாள்.

"கலீஜு! இதுக்கா இத்தினி வருசம் பூட்டி வெச்ச?"

அதோடு அடங்குவாள் என்று நினைத்தோம். அவளோ படகை விட்டு இறங்கவில்லை. முனையில் போய் நின்று, கடலைப் பார்த்தபடி கேட்டாள்: "அப்பால இன்னா கீது?"