யோகராஜா அண்ணையின் ஆறு அம்புகள்

கோலியர்ஸ் வுட்டில் யோகராஜா அண்ணையைப்போலக் கவனமான ஆள் கிடையாது என்பதை நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தோம். அதில் பாதி பாராட்டு, பாதி அலுப்பு. இருபத்திரண்டு வருடம் லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பக்கக் கண்ணாடிகூட ஒருநாளும் கீறுப்பட்டதில்லை. அன்னதானத்துக்கு வீட்டுக் கத்தியைக் கொண்டுவந்தால் அதன் முனையில் ஒரு கரட் துண்டு குத்தியிருக்கும். சாம்பார் வாளியோடு யார் நடந்தாலும் பின்னாலிருந்து அவர் குரல் வரும்: "பாத்து, பாத்து."

எங்கள் கோயிலில் வேட்டைத் திருவிழா அவர் குடும்பத்து உபயம். அன்று முருகன் குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் புறப்படுவார். லண்டனில் காடு ஏது? கார் பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றி வருவதுதான் வேட்டை. சுவாமியோடு முதுகில் அம்புக்கூட்டைக் கட்டிக்கொண்டு போவது அண்ணையின் உரிமை. பதினான்கு வருடமாக அந்தக் கூட்டில் இருந்தவை வெள்ளித்தாள் சுற்றிய மரக் குச்சிகள். போன வருடம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அண்ணை, இது அம்போ, ஐஸ்கிரீம் குச்சியோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டுவிட்டேன். சனம் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அது அவருக்குச் சுட்டுவிட்டது.

இந்த வருடம் ஒன்லைனில் உண்மையான வேட்டை அம்புகள் ஆறு வாங்கினார். இந்த நாட்டில் வில்லால் வேட்டையாட ஏலாது, ஆனால் அம்பு வாங்கலாமாம். ஒவ்வொரு நுனியிலும் மூன்று அலகு, சவர அலகுபோலக் கூர். கூடவே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கூடும் வந்தது. தடித்த மூடிக்குள் பஞ்சு. நுனிகள் அதற்குள் புதைந்துவிடும். அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூட வந்த காகிதத்தைக் கடைசி வரி வரை எனக்கு விளக்கினார்.

"நுனி ஒருநாளும் வெளியில தெரியக்கூடாதாம் தம்பி. ஒண்டொண்டாத்தான் எடுக்கோணும். வைக்கேக்க பஞ்சுக்குள்ள அழுத்தி வைக்கோணும்."

திருவிழாவன்று கோயில் வாசல்வரை அம்புகள் அப்படித்தான் வந்தன. வாசலில் அவர் அந்தக் கறுப்புக் கூட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"முருகன்ர அம்புக்குச் சோத்துப்பெட்டி மாதிரி ஒரு மூடியோ?"

மனைவி சிவமலர் அக்கா தைத்துக் கொடுத்த சிவப்பு வெல்வெட் கூடு இருந்தது. அதற்குள் ஆறையும் போட்டார். அதுவும் நுனி மேலே இருக்கும்படி. கீழே போனால் மினுக்கம் யாருக்குத் தெரியும்?

"இஞ்சேருங்கோ, ஆருக்கும் குத்தப்போகுது," என்றார் அக்கா.

"நான் அசையமாட்டன்."

எனக்கும் அழகாகத்தான் இருந்தது. போனில் படம்கூட எடுத்தேன்.

அவர் அசையவில்லைதான். பின்னேரம் நாலு மணிவரை தூண்போல நின்றார். கார் பார்க்கின் மூலையில் சுவாமியை நிறுத்திக் கற்பூரம் கொளுத்தினார்கள். மணி அடித்தது. அறுபது வருடப் பழக்கம், அண்ணையின் கைகள் தானாகத் தலைக்கு மேலே போயின, இடுப்பும் வளைந்தது. ஒரு முழம் முன்னால் யனுஷன் கண்ணை மூடி நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு நின்றான். யாழ்ப்பாணத்து இணுவிலிலிருந்து திருவிழாக் காலத்துக்காக வந்தவன், இருபத்தாறு வயது. வெல்வெட்டிலிருந்து ஓர் அம்பு வழுக்கி, தோளுக்கு மேலால் வந்து, அவன் இடது கை விரல்களில் விழுந்தது.

வாசிப்பு பாதியில் நின்றது. வெள்ளை வேட்டி முழுக்க இரத்தம். கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்ற நாங்கள் அம்பு விழுந்ததைக் காணவில்லை. குதிரை வாகனத்தின் பித்தளைத் தகடு பக்கத்திலே நீட்டிக்கொண்டிருந்தது. "தகடு வெட்டிப்போட்டுது!" என்று முதலில் கத்தியது நான்தான்.

"அண்ணை, தகடுதானே?" என்று அவரிடமே கேட்டேன்.

"ஓம்... தகடாத்தான் இருக்கும்."

தகடு பூட்டியவர் லெட்சுமணன். மலேசியாவிலிருந்து படிக்க வந்து எஞ்சினியராகி ஓய்வுபெற்றவர். பதினெட்டு வருடமாக எங்கள் வாகன அலங்காரம் அவர் கை. அடுத்த நாளே எல்லாத் தகடுகளையும் கழற்றி, ஓரங்களில் விரலை ஓட்டி ஓட்டி, வெட்டிய இடத்தைத் தேடினார். ஆஸ்பத்திரிக்குத் தினமும் பழத்தோடு போனார். யனுஷனுக்கு மோதிர விரலின் நரம்பு அறுந்திருந்தது. பழையபடி வாசிப்பானா என்று டொக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. யோகராஜா அண்ணை முழங்கால் நோ என்று சொல்லி வீட்டோடு இருந்துவிட்டார்.

பதினோராம் நாள் கோயில் சபைக் கூட்டம். கட்டுப் போட்ட கையோடு யனுஷனும் வந்திருந்தான். லெட்சுமணன் அலங்கார அறைப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்தார்.

"இனிமே நான் எதையும் தொடறதா இல்லைங்க. இன்னொருத்தர் கை போயிடக்கூடாது."

பின்வரிசையில் யோகராஜா அண்ணை எழுந்தார். கையில் அந்தக் கறுப்புக் கூடு. மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக அம்புகளை எடுத்தார். ஆறாவதின் அலகு அடியில் மண்ணிறமாய்க் காய்ந்திருந்தது.

"உங்கட தகடில்லை அண்ணை. இது. நான் குனிஞ்சனான், இது விழுந்தது. ஒருத்தரும் காணேல்லை எண்டு சால்வையில துடைச்சு வைச்சிட்டுப் பொய் சொன்னனான். கவனமான ஆள் எண்ட பேர் போயிடுமெண்டு பயந்துபோனன். வெக்கத்தில நித்திரை இல்லை."

நான் நிலத்தைப் பார்த்தேன். ஐஸ்கிரீம் குச்சியும் தகடும் என் வாயிலிருந்து வந்தவை. எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அண்ணை யனுஷன் பக்கம் திரும்பினார். "தம்பி, உமக்கு இது தெரிஞ்சிருக்காது..."

"தெரியும் ஐயா."

அவன் குரலில் கோபமே இல்லை.

"வெட்டுப்பட்டோடன கண்ணைத் திறந்தனான். நீங்கள் துடைக்கிறதைப் பாத்தனான். எல்லாருக்கும் 'பாத்து, பாத்து' எண்டு சொல்லுற மனுசன், தானா வந்து சொல்லுவார் எண்டு நினைச்சன். ஆஸ்பத்திரியில கதவு திறக்கேக்கெல்லாம் நீங்களெண்டுதான் பாப்பன். பழத்தோட லெட்சுமணன் ஐயாதான் வருவார். அவருக்காவது நான் சொல்லியிருக்கோணும். அது என்ர பிழை."

யோகராஜா அண்ணை கதிரையைத் தேடவில்லை. நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார். லெட்சுமணன்தான் போய்க் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

இப்போது புதன்கிழமைகளில் அண்ணைதான் யனுஷனைத் தன் காரில் பிசியோ பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார். விரல் பாதிதான் மடங்குகிறது. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கும் வருகிறார். போன கிழமை ஒரு பெண் கொதிக்கும் சாம்பார் வாளியோடு அவரைக் கடந்து போனாள். அண்ணை நிமிர்ந்து பார்த்தார், வாய் திறந்தது. பிறகு அதை மூடிக்கொண்டு, எழுந்துபோய் வாளியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.