கிடாவின் சம்மதம்

கால்நடை வைத்தியத்தில் நோயாளி வாயைத் திறப்பதில்லை. அதற்கும் சேர்த்துக் கூட வருகிறவர்கள் பேசிவிடுவார்கள். எழுபதுகளின் கடைசியில் நான் புதுச்சேரியில் மாட்டு டாக்டர். ஊசி போடத் தெரியும். நாய்க்கு நல்லது கெட்டது தெரியுமா, ஆட்டுக்கு அபிப்பிராயம் உண்டா என்றெல்லாம் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. மாட்டிடம் உதையும் மனிதரிடம் கேள்வியும் வாங்கிய சகாக்களே, நான் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

குற்றவாளி

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனில் இருந்த, ஊரார் 'மிசியே' என்று மரியாதையாக அழைக்கும் ஒருவர், தன் நாயை இழுத்துக்கொண்டு வந்தார். என்னை 'தொக்தேர்' என்று பிரெஞ்சில்தான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சமைத்து வைத்த வாத்தை நாய் தின்றுவிட்டதாம். அதைத் துரத்தச் சொல்கிறாராம் மனைவி. தெரிந்து செய்ததா, தெரியாமல் செய்ததா என்று நான் பரிசோதித்துச் சொல்ல வேண்டுமாம்!

வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். வாத்து உள்ளே சௌக்கியமாக இருந்தது. "மிசியே, நாய்க்குத் திருட்டு தெரியாது, பசிதான் தெரியும்" என்றேன். அவர் ஒப்பவில்லை. "அப்ப ஏன் கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுது? என் மச்சான் எங்கூட்டுல எவ்ளோவோ எடுத்துருக்கான், ஒரு நாளும் ஒளிஞ்சதில்லயே தொக்தேர்!"

ஓயாத தலையாட்டல்

வீராம்பட்டினத்தில் மீன் விற்கும் அஞ்சலை ஒரு கிடாவோடு வந்தார். கணவர் போன கட்டுமரம் கவிழ்ந்து, ஆள் திரும்பமாட்டார் என்று ஊரே சொன்னபோது குலசாமிக்கு நேர்ந்துகொண்ட கிடா. மனுஷன் நீந்தியே கரை சேர்ந்துவிட்டார். பூசைக்கு நாள் குறித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

வெட்டுவதற்கு முன் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பார்கள். அது தலையைச் சிலுப்பினால் சம்மதம். இந்தக் கிடாவோ காதில் சீழ் வைத்து, தண்ணீர் ஊற்றாமலே நாள் முழுக்கச் சிலுப்பிக்கொண்டிருந்தது. வேலை சுலபமாகிவிட்டது என்று மாமியாருக்குச் சந்தோஷம். அஞ்சலைக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. வெட்டப்போகிற ஆட்டுக்கு எதற்கம்மா வைத்தியம் என்று கேட்டுவிட்டேன். "காது வலியில ஆட்டுற தலைய, சம்மதம்னு சாமிகிட்ட சொல்ல முடியுமா டாக்டரு? வலிய எடுத்துவுடுங்க, அப்பறமா அத கேட்டுக்குறோம்."

பூசை நாள்

காதைக் கழுவி மருந்து விட்டேன். பூசைக்குள் நன்றாகவே குணமாகிவிட்டது. அழைப்பைத் தட்ட முடியாமல் நானும் போனேன். ஒரு குடம் ஊற்றினார்கள். கிடா அப்படியே நின்றது. இன்னொரு குடம் ஊற்றினார்கள். கற்பூரம் காட்டினார்கள், கெஞ்சினார்கள். கழுத்து மாலையில் எட்டிய பூவைத் தின்றதே தவிர, சிலுப்பவில்லை. டாக்டர் மருந்து போட்டுக் கெடுத்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் என்னை முறைத்தார்கள். எனக்கோ கிடா பிழைத்துவிடாதா என்று உள்ளூர ஆசை. வெளியே சொல்லத்தான் தைரியமில்லை.

"காதுக்குள்ள ஊத்துங்க, தன்னால ஆட்டும்" என்று மாமியார் செம்பை நீட்டினார். அரிவாளோடு நின்ற கணவர் மனைவியைப் பார்த்தார். நேர்ந்துகொண்டது அவர் உயிருக்காக. கொடுக்காமல் விட்டால் கடல் மறுபடி அவரைக் கேட்குமோ என்ற பயம் இருவர் முகத்திலும் தெரிந்தது. அஞ்சலை செம்பை வாங்கிக் கீழே வைத்தார். கயிற்றை அவிழ்த்து, கிடாவைக் கோயிலுக்கே விட்டுவிட்டார். "சரின்னு சொன்னா மட்டும் ஏத்துக்குவோம், மாட்டேன்னா ஏத்துக்க மாட்டோம்னா, அதுகிட்ட எதுக்குக் கேக்கணும்?"

என்னிடம் காதுவலிக்கு வந்து கழுத்தையும் காப்பாற்றிக்கொண்டு போன நோயாளி, என் உத்தியோக காலத்தில் அந்தக் கிடா ஒன்றுதான்.