மாவு மேஸ்திரியின் பெயர்

ரொட்டிக் கம்பெனியில் முதலாளி காத்திருப்பார், லேபர் ஆபீஸ் காத்திருக்கும். பொங்கிய மாவு மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது. என்னைப் போல வாயால் வாழ்ந்து வாயாலேயே கெட்ட தோழர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

சுவர்ப் படம்

செங்கல்பட்டில் ஒரே விறகு அடுப்பில் டீக்கடை பன்னு போட்டுத் தொடங்கிய கம்பெனி. பிறகு பால் ரொட்டி, பழ ரொட்டி, ரஸ்க் என்று வளர்ந்து ஊர் ஊருக்கு வேன் ஓடியது. வாசல் சுவரில், அடுப்பில் கை வைத்தபடி முதலாளி நிற்கும் பெரிய படம். நான் சங்கச் செயலாளர், சும்மா இருப்பேனா? "படத்தில் முதலாளி இருக்கிறார், மாவு பிசைந்தவன் பெயர் எங்கே?" என்று நோட்டீஸ் அடித்தேன். பன்னுக் காலத்திலிருந்தே மாவு பிசையும் மேஸ்திரி, கையைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தார்.

"ஷோக்கா கீது அண்ணாத்த. ஆனா நீயும் எம் பேரப் போடலியே."

கோதுமை ரொட்டி

சிறுசேரியில் ஐ.டி. ஆபீஸ்கள் வந்ததும் கம்பெனி பழுப்பு நிறத்தில் கோதுமை ரொட்டி இறக்கியது. ஆள் குறைந்த ஒரு நாள், அடுப்படியில் நின்ற என்னை அங்கே மேசை போட்டு விற்க உட்கார்த்தினார்கள். முழுக் கோதுமையா என்று ஒரு பெண் கேட்டார். பாதிக்கு மேல் மைதா, நிறம் கருக்கிய சர்க்கரையில் வருவது என்றேன். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். அந்தப் பெண் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது வெயில்ல நின்ன பால் ரொட்டியா சார்?"

கருங்காலி

மறுநாள் என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். எனக்காக எல்லோரும் வேலையை நிறுத்தி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். அதில் ஒரு தப்பு செய்தேன். அச்சுகளில் மாவு பொங்கி நிற்கும் நேரத்தில் விசில் ஊதிவிட்டேன். அந்த ஈடு வெந்து இறங்கும்வரை பொறுத்திருக்கலாம்.

புளித்த வாடை கேட் வரை வந்தது. மேஸ்திரி எழுந்து உள்ளே போனார். அந்த ஒரு ஈட்டை மட்டும் சுட்டு இறக்கிவிட்டுத் திரும்பி வந்து எங்களோடு உட்கார்ந்தார். நான் மைக்கில் "கருங்காலி!" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கம்பெனிக்கோசரம் போவல நைனா. நான் பிசைஞ்ச மாவு. சாக்கடைல ஊத்த மனசு வரல."

வெற்றி மாலை

மூன்றாம் நாள் எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. போட்ட மாலையைக் கழற்றாமலே, மேஸ்திரியோடு யாரும் பேசக்கூடாது, சேர்ந்து சாப்பிடக்கூடாது என்று தீர்மானம் போட்டேன். ஒரு மாதம் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவர், வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பேக்கிங் செல்வி மட்டும் என்னிடம் வந்து கேட்டாள்.

"தலைவரே, உங்க வேலைக்கோசரம் அல்லாரும் ரோட்ல நின்னோம். அவரு வேல போறதுக்கும் எங்களையே நிக்க வெச்சிட்டீங்களே!"

கேளம்பாக்கம்

போன மாதம், மேஸ்திரி கேளம்பாக்கத்தில் சின்ன பேக்கரி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வராதென்று தெரிந்து, எழுதியே எடுத்துப் போனேன்: "அன்று ஒரு தோழருக்கு இழைக்கப்பட்ட தவறுக்கு வருந்துகிறோம்." அவர் ஒரு பன்னை என் பக்கம் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"இன்னும் ஷோக்காத்தான் எழுதற அண்ணாத்த. இந்த வாட்டியும் எம் பேரப் போடலியே."

எத்தனையோ முதலாளிகளின் பெயரை மைக்கில் கூவித் தொண்டை கட்டிய எனக்கு, தேவராஜ் என்று ஒரு பெயரை எழுத இத்தனை காலம் ஆயிற்று.